கழுத்துக் கட்டிக்கு ஊசிப் பரிசோதனை: ‘மூன்றாம் வகை’ என்று வந்தால் என்ன செய்வது?

வாசகியின் கேள்வி:

எனக்கு 34 வயது. ஒரு பிள்ளையின் தாய். சுன்னாகத்துக்கு அருகில் ஒரு பாடசாலையில் ஆசிரியையாக இருக்கிறேன். சில மாதங்களுக்கு முன் என் கழுத்தின் வலது பக்கத்தில், எச்சில் விழுங்கும்போது ஏறி இறங்கும் ஒரு கட்டியை என் மச்சாள் கண்டு சொன்னார். குருதிப் பரிசோதனையில் ரி.எஸ்.எச். (தைரொயிட்டைச் சுரக்கத் தூண்டும் ஓமோன்) சாதாரண அளவில் இருக்கிறது. ஸ்கானில் தைரொயிட் சுரப்பியில் 2.2 சென்ரிமீற்றர் கட்டி, ‘ரிராட்ஸ் 4’ என்று எழுதியிருந்தார்கள். முதல் ஊசிப் பரிசோதனையில் ‘மாதிரி போதாது’ என்று வந்தது. இரண்டாம் முறை ‘பெதஸ்டா 3’ என்று வந்திருக்கிறது. நான்கு மூன்றாகக் குறைந்துவிட்டது, இனிப் பயமில்லை என்கிறார் மாமி. கனடாவில் இருக்கும் அண்ணாவோ, குத்தக் குத்தப் பரவிவிடும், இனி ஊசிக்கு விடாதே, சென்னைக்குப் போய்ச் சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிடு, காசு அனுப்புகிறேன் என்கிறார். இரண்டு தடவை குத்தியும் ஆம் அல்லது இல்லை என்று ஏன் சொல்ல முடியவில்லை? மரவள்ளிக்கிழங்கும் உப்பும் இதற்குக் காரணமா? அடுத்த பிள்ளையைப் பற்றி யோசித்திருந்தோம். அதை ஒத்திவைக்க வேண்டுமா?

நோயியல் வைத்தியரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த நான்கையும் மூன்றையும் பிரித்து வைத்துவிடுவோம். ஸ்கான் அறிக்கையில் உள்ள ‘ரிராட்ஸ் 4’ என்பது கட்டியின் தோற்றத்துக்குக் கொடுக்கப்பட்ட தரம். ஊசிப் பரிசோதனை அறிக்கையில் உள்ள ‘பெதஸ்டா 3’ என்பது அந்தக் கட்டியிலிருந்து எடுத்த கலங்களின் தோற்றத்துக்குக் கொடுக்கப்பட்ட தரம். இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள் ஆதலால் ஒன்றிலிருந்து மற்றது குறைந்தது என்றோ கூடியது என்றோ சொல்ல முடியாது. மாமியைக் குறைசொல்வதற்கில்லை, ஒரே கோவைக்குள் இரண்டு எண்களை வைத்துக் கொடுத்துவிட்டு, எது எதைச் சுட்டுகிறது என்று எவரும் இருந்து விளக்காவிட்டால் படித்தவர்களும் இப்படித்தான் வாசிப்பார்கள். போதாததற்கு, பிரித்தானிய முறையைப் பின்பற்றும் ஆய்வுகூடங்கள் ‘ரி.எச்.வை.’ என்று தொடங்கும் ஒன்று முதல் ஐந்து வரையான வேறோர் எண்வரிசையைப் பயன்படுத்துகின்றன. அதில் ஐந்து என்பது புற்றுநோய். பெதஸ்டா முறையில் ஆறுதான் புற்றுநோய், ஐந்து என்பது பலத்த சந்தேகம். எனவே எந்த அறிக்கையையும் தொலைபேசியில் உறவினருக்கு வாசித்துக் காட்டும்போது எண்ணை மட்டும் சொல்லாமல், அது எந்த முறையின் எண் என்பதையும் அதன் கீழே எழுதப்பட்டுள்ள விளக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தைரொயிட் கட்டி அரிதான ஒன்றல்ல. அயடீன் போதியளவு கிடைக்கும் நாடுகளில் கையால் தடவித் தெரியக்கூடிய கட்டி ஏறத்தாழ நூறு பெண்களில் ஐந்து பேருக்கும் நூறு ஆண்களில் ஒருவருக்கும் இருக்கிறது. அல்ட்ரா சவுண்ட் ஸ்கான் செய்து தேடினால் அதைவிடப் பல மடங்கு கூடுதலானோரிடம் தென்படும். இவற்றுள் புற்றுநோயாக முடிபவை நூற்றுக்கு 7 முதல் 15 வரை என்று கணிக்கப்படுகிறது. ஊசிப் பரிசோதனை வழக்கத்துக்கு வருவதற்கு முன்னர், கழுத்தில் கட்டி என்றால் சத்திரசிகிச்சை செய்து பார்ப்பதே வழியாக இருந்தமையால், தீங்கில்லாத கட்டிகளுக்காகவும் பெருந்தொகையானோர் கழுத்தில் தழும்பையும் வாழ்நாள் முழுவதற்குமான மாத்திரையையும் ஏற்க வேண்டியிருந்தது. யாருக்குச் சத்திரசிகிச்சை தேவை, யாரைக் கண்காணித்தால் போதும் என்று பிரிப்பதே இந்த ஊசியின் வேலை. அந்த வேலையை அது மிக நன்றாகச் செய்கிறது. ஆனால் எல்லாக் கட்டிகளுக்கும் ஒரே தடவையில் செய்துவிடுவதில்லை.

உங்களுடைய வைத்தியர்கள் சரியான ஒழுங்கில்தான் சென்றிருக்கிறார்கள். ரி.எஸ்.எச். குறைந்திருந்தால் கட்டியே மிதமிஞ்சி ஓமோன் சுரக்கிறதா என்று, சிறிதளவு கதிரியக்கப் பொருளைக் கொடுத்து எடுக்கும் கதிர்ச் சமதானி ஸ்கான் மூலம் பார்ப்பது வழக்கம். அப்படிச் சுரக்கும் கட்டிகளில் புற்றுநோய் மிக அரிது என்பதால் அவற்றைப் பெரும்பாலும் குத்துவதில்லை. உங்களுக்கு ரி.எஸ்.எச். சாதாரணம் என்பதால் அந்த வழி தேவைப்படவில்லை. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும்: ரி.எஸ்.எச். சாதாரணம் என்பது சுரப்பி ஒழுங்காக வேலை செய்கிறது என்பதை மட்டுமே காட்டுகிறது. கட்டியின் தன்மையைப் பற்றி அது எதையும் சொல்லாது. தைரொயிட் புற்றுநோய் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த அளவு சாதாரணமாகவே இருக்கும். அடுத்து, அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி 2017 இல் வெளியிட்ட ரிராட்ஸ் முறையின்படி நான்காம் தரக் கட்டி 1.5 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேல் இருந்தால் ஊசிப் பரிசோதனை செய்ய வேண்டும். மூன்றாம் தரமானால் 2.5, ஐந்தாம் தரமானால் ஒரு சென்ரிமீற்றரே போதும். உங்களுடைய கட்டி 2.2 என்பதால் ஊசி அவசியமானதே.

இனி, முதல் தடவை ஏன் ‘மாதிரி போதாது’ என்று வந்தது என்பதற்கு வருகிறேன். பலர் இதைக் குத்தியவரின் கவனக்குறைவு என்றோ, எதையோ மறைக்கிறார்கள் என்றோ எண்ணுகிறார்கள். தைரொயிட் சுரப்பி உடலில் குருதியோட்டம் மிக அதிகமுள்ள உறுப்புகளுள் ஒன்று. ஊசி உள்ளே சென்ற சில விநாடிகளிலேயே குருதி கசிந்து, வேண்டிய கலங்களை ஐதாக்கிவிடும். கட்டியின் ஒரு பகுதி நீர்ப்பையாக இருந்தால் நீர் மட்டுமே வரும். கல்போலச் சுண்ணாம்பு படிந்திருந்தால் ஊசிக்குள் ஒன்றும் ஏறாது. வந்த மாதிரியைக் கண்ணாடி வழுக்கியில் தடவும் கணமும் முக்கியமானது: தடவிய உடனே மதுசாரத்தில் அமிழ்த்த வேண்டிய வழுக்கியை, மின்விசிறி சுழலும் அறையில், நமது வைகாசி வெக்கையில், சிறிது நேரம் தாமதித்தாலும் கலங்கள் காய்ந்து விரிந்து, அவற்றின் கருக்கள் வெளிறிப் பெரிதாகத் தோன்றும். அப்படிக் காய்ந்த கரு, நோயுள்ள கருவைப் போல மயக்கம் காட்டும். வேறு சில வழுக்கிகளை வேண்டுமென்றே காற்றில் உலரவிட்டு கீம்சா சாயம் ஏற்றுவோம். அது வேறு, அரைகுறையாகக் காய்ந்தது வேறு.

மாதிரி போதுமா இல்லையா என்பதை நாங்கள் மனம்போன போக்கில் சொல்வதில்லை. ஓமோனை உண்டாக்கும் சிறு பைகளான சுரப்பியின் நுண்பைகளிலிருந்து வந்த கலக் கூட்டங்கள் குறைந்தது ஆறு இருக்க வேண்டும். ஒவ்வொரு கூட்டத்திலும் குறைந்தது பத்துக் கலங்களாவது தெளிவாகத் தெரிய வேண்டும். நுண்பைகளுக்குள் நிரம்பியிருக்கும் கூழ்ப்பொருள் நிறைய இருந்தாலோ, அழற்சி தெளிவாகத் தெரிந்தாலோ, ஒரு சில கலங்களே ஆனாலும் அவை ஐயத்துக்குரியவையாக இருந்தாலோ இந்த எண்ணிக்கை தளர்த்தப்படும். இந்த அளவு கிடைக்காதபோது ‘புற்றுநோய் இல்லை’ என்று எழுதிவிடுவது நோயாளிக்கு இனிப்பாக இருக்கும், ஆனால் பொய்யாக இருக்கும். ‘போதாது’ என்று எழுதிய நோயியலாளர் உங்களுக்கு நன்மையே செய்திருக்கிறார். அந்த விடை வந்தவர்கள் மறுபடி ஸ்கானின் உதவியோடு குத்திக்கொண்டால் பெரும்பாலானோருக்குப் போதிய மாதிரி கிடைத்துவிடுகிறது. உங்களுக்கும் இரண்டாம் முறை கிடைத்திருக்கிறது.

இப்போது மூன்றாம் வகை. பெதஸ்டா என்பது அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள ஓர் ஊர். 2007 இல் அங்கே கூடிய நிபுணர்கள், தைரொயிட் ஊசி அறிக்கைகளை ஆளுக்கொரு மொழியில் எழுதுவதை நிறுத்தி ஆறு வகைகளுக்குள் கொண்டுவந்தார்கள். அதன் மூன்றாம் பதிப்பு 2023 இல் வந்தது. ஒன்று, போதாத மாதிரி. இரண்டு, தீங்கற்றது. மூன்று, பொருள் துணியமுடியாத கல வேறுபாடு. நான்கு, நுண்பைக் கட்டி. ஐந்து, புற்றுநோய் என்ற பலத்த சந்தேகம். ஆறு, புற்றுநோய். உங்களுடைய மூன்றாம் வகையின் பொருள் இதுதான்: கலங்கள் கிடைத்தன, பார்த்தோம், முற்றிலும் சாதாரணம் என்று கையெழுத்திட எங்களுக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் புற்றுநோய் என்றோ நுண்பைக் கட்டி என்றோ சந்தேகிக்கும் அளவுக்கும் எதுவும் இல்லை. அது ஒரு நோயின் பெயரன்று. இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்பதற்கான எழுத்து.

மூன்றாம் வகைக்குள்ளும் வேறுபாடு உண்டு. புதிய பதிப்பு இதை இரண்டாகப் பிரிக்கிறது: கலத்தின் கருவில் வேறுபாடு தெரிவது ஒன்று, கரு சாதாரணமாக இருந்து கலங்கள் அடுக்கப்பட்ட விதத்திலோ வேறு அம்சங்களிலோ வேறுபாடு தெரிவது மற்றொன்று. தைரொயிட் புற்றுநோய்களில் மிகப் பெரும்பான்மையாக உள்ள பப்பிலரி வகையைக் கருவைப் பார்த்தே அடையாளம் காண்கிறோம். கருவில் நீளவாக்கில் மடிப்பு விழுந்திருக்கும், உள்ளே வெளிறித் தெரியும், சிலவற்றில் கருவுக்குள் இன்னொரு சிறு வட்டம் இருப்பதுபோலத் தோன்றும். ஆகவே கரு வேறுபாடு என்று எழுதப்பட்டிருந்தால் சந்தேகம் சற்றுக் கூடுதல். அடுக்கில் மட்டும் வேறுபாடு என்றால் குறைவு. உங்களுடைய கடிதத்தில் அந்த வரி இல்லை. அறிக்கையின் அடியில் உள்ள குறிப்பில் இருக்கலாம். இல்லாவிட்டால் அறிக்கையை எழுதியவரிடம் உங்களுடைய வைத்தியர் மூலம் கேட்டறிவது நியாயமான கோரிக்கையே. எந்த நோயியலாளரும் அதற்காகக் கோபிக்க மாட்டார்.

எண்ணிக்கையில் சொல்வதானால், 2023 பதிப்பின்படி மூன்றாம் வகையில் புற்றுநோய்க்கான சராசரி வாய்ப்பு நூற்றுக்கு 22. ஆய்வுகளுக்கிடையே அது 13 முதல் 30 வரை மாறுகிறது. இரண்டாம் வகைக்கு 4, நான்காம் வகைக்கு 30, ஐந்தாம் வகைக்கு 74, ஆறாம் வகைக்கு 97. இந்த எண்களில் ஒரு சாய்வு இருப்பதையும் கவனிக்க வேண்டும். கட்டியை வெட்டி எடுத்துப் பார்த்தவர்களிடமிருந்தே அவை கணக்கிடப்பட்டன. மூன்றாம் வகை வந்தவர்களுள் ஸ்கானிலும் கையிலும் சந்தேகம் கூடுதலாக இருந்தவர்களே பெரும்பாலும் சத்திரசிகிச்சைக்குப் போயிருப்பார்கள். சந்தேகம் குறைந்தவர்கள் கணக்கிலேயே வந்திருக்க மாட்டார்கள். எனவே உண்மையான வாய்ப்பு இதைவிடக் குறைவாக இருக்கக்கூடும். நூற்றில் 22 என்றாலும், எஞ்சிய 78 பேருக்கு அது புற்றுநோய் அல்ல என்பதையும் அதே மூச்சில் வாசியுங்கள்.

‘ஆம் அல்லது இல்லை என்று ஏன் சொல்ல முடியவில்லை’ என்ற உங்கள் கேள்விக்கு இன்னொரு விடையும் உண்டு. ஊசியால் எந்நாளும் சொல்ல முடியாத ஒன்று அது. நுண்பைக் கலங்களிலிருந்து எழும் கட்டி தீங்கற்றதாகவும் இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். இரண்டிலும் தனித்தனிக் கலங்கள் ஒரேமாதிரியே இருக்கும். கட்டியைச் சுற்றியுள்ள உறையைக் கலங்கள் துளைத்து வெளியேறியிருக்கின்றனவா, குருதிக்குழாய்க்குள் புகுந்திருக்கின்றனவா என்பதே வேறுபாடு. ஒரு வளவுக்குள் இருப்பவரைக் கூட்டிவந்து முகத்தைப் பார்த்து, அவர் பக்கத்துக் காணிக்குள் வேலியைப் பிரித்துப் போனாரா என்று சொல்ல முடியாது. வேலியைச் சுற்றி நடந்துதான் பார்க்க வேண்டும். ஊசி கொண்டுவருவது கலங்களை மட்டுமே. உறையைப் பார்க்கக் கட்டி முழுவதும் வேண்டும். ஆகையால் மூன்றாம் வகையில் ஒரு பகுதியும் நான்காம் வகை முழுவதும், எத்தனை தடவை குத்தினாலும், எவ்வளவு திறமையானவர் குத்தினாலும், யாழ்ப்பாணத்தில் பார்த்தாலும் ரொறன்ரோவில் பார்த்தாலும், இந்த எல்லையில் வந்து நின்றுவிடும். அமெரிக்கா போன்ற நாடுகளில் ஊசி மாதிரியிலேயே மரபணுப் பரிசோதனை செய்து ஓரளவு மேலே போகிறார்கள்; அதன் செலவு மிக அதிகம், அது கிடைக்காததால் உங்களுடைய சிகிச்சை குறைந்துவிடும் என்று எண்ண வேண்டியதில்லை.

அப்படியானால் இப்போது என்ன செய்வது? நான் உங்களுடைய இடத்தில் இருந்தால் முதலில் வழுக்கிகளைத் தேடுவேன், அறிக்கையை அல்ல. இரண்டு தடவையும் எடுத்த வழுக்கிகள் ஆய்வுகூடங்களில் பாதுகாக்கப்பட்டிருக்கும். உங்களுடைய சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு கடிதம் தந்தால் அவற்றைப் பெற்று, தைரொயிட் கலங்களை அடிக்கடி பார்க்கும் இன்னொரு நோயியலாளரிடம் காட்டலாம். மூன்றாம் வகை என்பது பார்ப்பவரைப் பொறுத்து ஓரளவு மாறக்கூடியது. இரண்டாம் கண் பார்க்கும்போது ஒரு பங்கு வழுக்கிகள் தீங்கற்ற வகைக்கோ மேல் வகைக்கோ நகர்ந்துவிடும். புதிதாக ஒரு துளையும் இல்லாமல், மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் தகவல் இது. வெளிநாட்டுக்கு அறிக்கையின் படத்தை அனுப்பிக் கருத்துக் கேட்பவர்கள் பலர். வழுக்கியைப் பார்க்காமல் அறிக்கையின் படத்துக்குச் சொல்லப்படும் கருத்துக்கு என்னளவில் பெறுமதி குறைவு.

அதன் பின்னும் மூன்றாம் வகையாகவே நின்றால், மூன்றாம் தடவை ஊசி வைப்பதை நான் பரிந்துரைப்பேன். முன்னெல்லாம் கலங்கள் குத்துக்காயத்திலிருந்து தேறட்டும் என்று மூன்று மாதம் காத்திருக்கச் சொல்வது வழக்கம். இன்று அவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதில்லை, சில வாரங்கள் விட்டால் போதும் என்று கருதுவோர் பலர். எத்தனை நாள் என்பதைவிட எப்படி வைக்கிறார்கள் என்பதே முக்கியம். ஸ்கான் திரையில் ஊசி முனையைப் பார்த்தபடியே, கட்டியின் மிகச் சந்தேகமான பகுதியிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும். கையால் தடவிக் குத்துவது பெரிய கட்டிகளுக்கு இன்றும் நடக்கிறது. ஒருமுறை மாதிரி போதாமலும் மறுமுறை தெளிவில்லாமலும் போன உங்களுக்கு அது பொருந்தாது. உறிஞ்சாமல், ஊசியை மட்டும் உள்ளே விட்டுத் தானாக ஏறும் கலங்களை எடுக்கும் முறையும் இருக்கிறது. குருதி குறைவாகக் கலக்கும் என்பதால் உங்களைப் போன்றவர்களுக்கு அதை முயன்று பார்க்கலாம். வைத்தியரிடம் இவற்றைக் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். கேட்கும் தொனியில்தான் எல்லாம் இருக்கிறது. மூன்றாம் ஊசியில் தீங்கற்றது என்று வந்தால் ஓராண்டு முதல் இரண்டாண்டுக்குள் ஸ்கானைத் திரும்பச் செய்து பார்க்கலாம். மீண்டும் அதே மூன்று என்று வந்தால் ஊசிக்கு மேலும் வேலை கொடுப்பதில் பயனில்லை. கட்டியுள்ள வலது பாதியை மட்டும் எடுத்து, அதை வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்க்கும் இழையவியல் ஆய்வு செய்வதா, நெருங்கிக் கண்காணிப்பதா என்று பேச வேண்டிய கட்டம் அது. ஸ்கானின் தோற்றம், கட்டி வளரும் வேகம், உங்களுடைய விருப்பம் ஆகிய மூன்றும் அந்தப் பேச்சில் சம இடம் பெற வேண்டும்.

காத்திருக்கக் கூடாத சில நிலைமைகள் உண்டு. கட்டி சில வாரங்களில் கண்முன்னே பெருத்தாலோ, குரல் கம்மி நீடித்தாலோ, விழுங்குவதற்கோ மூச்சுக்கோ தடை வந்தாலோ, கழுத்தின் பக்கவாட்டில் வேறு கட்டிகள் தட்டுப்பட்டாலோ, கிளினிக் திகதி வரும்வரை இருக்காமல் உடனே போய்க் காட்டுங்கள். சிறுவயதில் கழுத்துக்கு அல்லது தலைக்குக் கதிர்ச் சிகிச்சை பெற்றிருந்தாலோ, குடும்பத்தில் தைரொயிட் புற்றுநோய் இருந்தாலோ அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். குறிப்பாக மெடுலரி எனப்படும் வகை பரம்பரையாக வரக்கூடியது. அதற்குக் கல்சிற்றோனின் என்ற குருதிப் பரிசோதனை உதவும்.

அண்ணாவின் பயத்துக்கு வருவோம். கத்தி பட்டால் பரவும், ஊசி பட்டால் கிளறும் என்ற பேச்சு நமது ஊரில் மட்டுமன்று, எங்கும் உண்டு. தைரொயிட்டை மெல்லிய ஊசியால் குத்திக் கலம் எடுக்கும் வழக்கத்தைச் சுவீடனில் சோடர்ஸ்ட்ரோம் என்பவர் 1952 இல் எழுதினார்; அதற்குப் பின் உலகெங்கும் கணக்கற்ற கழுத்துகளில் இது செய்யப்பட்டிருக்கிறது. ஊசி சென்ற பாதையில் புற்றுநோய்க் கலங்கள் முளைத்ததாகப் பதிவானவை இவ்வளவு பெரிய தொகைக்குள் மிக மிக அரிது; மெல்லிய ஊசியால் குத்தியதன் காரணமாக ஆயுள் குறைந்ததாகக் காட்டப்படவில்லை. பொதுவாகப் பயன்படும் 25 கேஜ் ஊசியின் விட்டம் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர். உங்களுடைய ரி.எஸ்.எச். பரிசோதனைக்குக் கையில் குருதி எடுத்த ஊசி பெரும்பாலும் இதைவிடத் தடித்தது. குத்திய இடத்தில் இலேசான வலி, கண்டல், அரிதாக உள்ளே குருதி தேங்கி வீக்கம் ஆகியவை நேரலாம். அதனால்தான் குத்திய பின் சிறிது நேரம் அழுத்திப் பிடித்து, இருக்கவைத்து அனுப்புகிறார்கள். வெறுவயிற்றில் போக வேண்டியதில்லை. ஊசி உள்ளே இருக்கும் சில விநாடிகளுக்கு விழுங்காமல், பேசாமல், இருமாமல் இருந்தால் போதும். அஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்பரின் போன்ற மருந்து எடுப்பவர்கள் அதை முன்னரே சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது, இருதயத்துக்கு வரும் ஆபத்து கழுத்துக்கு வருவதைவிடப் பெரிது.

சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிடு என்ற அவரது யோசனையோடு நான் உடன்படவில்லை. அவர் தூரத்தில் இருந்துகொண்டு தங்கைக்காகப் பதறுவது புரிகிறது. காசு அனுப்பக்கூடியவர்களுக்குப் பெரிய சிகிச்சையே சிறந்த சிகிச்சை என்று தோன்றுவதும் இயல்பு. ஆனால் மூன்றாம் வகை விடைக்காக, மற்றப் பாதி சுகமாக இருக்கும் ஒருவருக்கு முழுச் சுரப்பியையும் எடுப்பது அளவுக்கு மீறியது. முழுதாக எடுத்தால் தைரொக்சின் மாத்திரை நாள்தோறும் வாழ்நாள் முழுவதும் வேண்டும். சுரப்பியின் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் நான்கு சிறு பராதைரொயிட் சுரப்பிகள் பாதிக்கப்பட்டால் கல்சியம் குறைந்து விரல்கள் விறைக்கும். குரல் நாண்களுக்குப் போகும் நரம்பு இரண்டு பக்கமும் ஆபத்துக்கு உள்ளாகும். ஆசிரியைக்குக் குரல் என்பது தொழில். பாதியை மட்டும் எடுத்தால் நரம்பு ஆபத்து ஒரு பக்கத்தோடு நிற்கும். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கே பின்னர் தைரொக்சின் தேவைப்படுகிறது. எடுத்த பாதியில் புற்றுநோய் கண்டால் மற்றப் பாதியை எடுப்பதா என்று அப்போது முடிவெடுக்கலாம். சிறிய, வெளியே பரவாத பப்பிலரி புற்றுநோய்க்கு அந்தப் பாதியோடு நிறுத்துவதும் இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட சிகிச்சையே.

கொரியாவில் நடந்ததை இங்கே சொல்லத் தோன்றுகிறது. தென்கொரியாவில் 1999 இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்த் தேடல் திட்டத்தோடு ஒட்டி, குறைந்த கட்டணத்தில் கழுத்து ஸ்கானும் பரவலாகச் செய்யப்பட்டது. 2011 இல் அங்கே தைரொயிட் புற்றுநோய் கண்டறியப்படும் வீதம் 1993 இல் இருந்ததைப் போலப் 15 மடங்காக இருந்தது. இறப்பு வீதமோ அசையவில்லை. கண்டுபிடிக்கப்பட்டவர்களில் அநேகமாக எல்லோருக்கும் சுரப்பி எடுக்கப்பட்டது. இலங்கையிலும் பெண்களிடம் பதிவாகும் புற்றுநோய்களின் முன்வரிசையில் இன்று தைரொயிட் நிற்கிறது. உங்களுடைய கட்டி கையில் தட்டுப்பட்டது, அளவிலும் பெரியது, ஆகவே அதைத் தேட வேண்டியிருந்தது. ஆனால் உங்களுக்கு வந்ததைக் கேட்டு வீட்டில் உள்ள எல்லோரும் ஒரு காரணமுமின்றிக் கழுத்து ஸ்கான் செய்யப் புறப்பட வேண்டாம்.

சென்னைக்குப் போவது உங்களுடைய விருப்பம். இந்தக் கட்டத்துக்குத் தேவையான ஸ்கான், ஊசி, வழுக்கி மீள்பார்வை, தேவைப்பட்டால் பாதிச் சுரப்பி எடுத்தல் எதற்கும் கடல் கடக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் கிளினிக்கில் இலவசமாகவே இந்தப் பாதையில் செல்லலாம். வரிசை நீளம்தான், அதை மறுக்க மாட்டேன். தனியாரிடம் காட்டினாலும் ஸ்கான், இரண்டு ஊசி அறிக்கைகள், குருதி அறிக்கை எல்லாவற்றையும் ஒரே கோவையில் திகதி வரிசைப்படி வைத்து, ஒரே நிபுணரிடம் காட்டி, அவரோடேயே தொடருங்கள். ஒவ்வொரு அறிக்கையோடும் வேறு வேறு வைத்தியரிடம் போனால் முழுப்படம் எவர் கையிலும் சேராது.

மரவள்ளிக்கிழங்கும் உப்பும்: மரவள்ளியில் இருந்து உடலில் உண்டாகும் தயோசயனேற்று, அயடீன் சுரப்பிக்குள் போவதைத் தடுக்கும். அது கழலையாக மாறுவதற்கு அயடீன் பற்றாக்குறையோடு நாளாந்த முதன்மை உணவாகவே மரவள்ளி இருக்க வேண்டும். கிழமையில் ஓரிரு நாள் அவித்துச் சம்பலோடு சாப்பிடுவதால் உங்களுக்கு இந்தக் கட்டி வரவில்லை. சமையலுக்கு அயடீன் சேர்த்த உப்பையே பயன்படுத்துங்கள். வந்த கட்டி உப்பைக் கூட்டினாலோ குறைத்தாலோ கரையாது. கழுத்தில் பற்றுப் போடவும் வேண்டாம், தோல் புண்ணானால் அடுத்த ஊசி தள்ளிப்போகும்.

அடுத்த பிள்ளையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கருவுற்ற நிலையிலும் மெல்லூசிப் பரிசோதனை செய்யலாம்; அதனால் குழந்தைக்குத் தீங்கில்லை. கதிர்ச் சமதானி ஸ்கானும், தைரொயிட் புற்றுநோய்க்குச் சிலவேளை கொடுக்கப்படும் கதிர் அயடீன் சிகிச்சையும்தான் கருவுற்றிருக்கும்போதும் பாலூட்டும்போதும் கூடாதவை. கதிர் அயடீன் பெற்ற பெண்கள் அதன் பின் குறைந்தது ஆறு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிவைக்க வேண்டும். ஆயினும் விடை தெரியாத கட்டியோடு கருவுற்று, நடுவில் முடிவெடுக்க நேர்ந்தால் வீட்டில் எல்லோருக்கும் மனஅழுத்தம் கூடும். வழுக்கி மீள்பார்வையும் மூன்றாம் ஊசியும் சில மாதங்களுக்குள் முடியக்கூடியவை. அதுவரை பொறுத்திருக்கும்படி கேட்பேன். அதற்கு மேல் ஆண்டுக்கணக்கில் ஒத்திவைக்கச் சொல்ல மாட்டேன். இதற்கிடையில் நாள் தள்ளிப்போனால் பதறாமல் முதல் வாரங்களிலேயே ரி.எஸ்.எச். பரிசோதனையைத் திரும்பச் செய்துகொள்ளுங்கள். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது, இப்படி ஓர் எண்ணம் இருக்கிறது என்று நிபுணரிடம் நீங்களாகவே முதலில் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் கேட்காவிட்டால் அவர் அதை மனத்தில் வைத்துத் திகதிகளைத் தீர்மானிக்க மாட்டார்.